இடம் என்ற இடம் எங்கே இருக்கிறது?

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, 'எங்கிருந்தக்கா'வை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். விரலை நறுக்கிக்கொண்டு வந்தாலும் சரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"நெஞ்ச அடைக்குதும்மா!"

"அது டாக்டருக்கு. எனக்கு ஏரியா சொல்லுங்க."

ஒருமுறை ஒரு பெரியவர் பொறுமை இழந்து, "உயிர் போகுது, நீ ஊரக் கேக்கறியே!" என்று கத்தினார். "போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்கய்யா, அப்புறம் நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார் அக்கா. பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் நெஞ்சடைப்பு நீளமான ஏப்பமாக வெளியே வந்து, ஸ்ட்ரெச்சர்காரர்கள் உட்படப் பத்துப் பேர் கைதட்டினார்கள். டாக்டர் மட்டும் கைதட்டாமல் அவரைப் பிடித்துப் படுக்கவைத்து இசிஜி எடுத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

இந்தக் கேள்வி அக்காவுக்கு வந்த வழி சுவாரசியமானது. இங்கே வருவதற்கு முன் பதினாறு வருடம் பஸ் நிலையத்தில் விசாரணை கவுன்ட்டரில் இருந்தார். அங்கே காலையிலிருந்து மாலை வரை கேட்டது, "எங்க போகணும்?" மாற்றலாகி ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள், தலையில் ரத்தத்தோடு வந்த ஒருவரிடமும் அதையே கேட்டுவிட்டார். அவர் மிரண்டுபோய் "இப்பவே போக வேண்டாம்மா, ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றோடு கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பாதி ஆயுள் எங்கே போகிறீர்கள், மீதி ஆயுள் எங்கிருந்து வருகிறீர்கள்.

பன்னிரண்டு வருடமாக இப்படிக் கேட்டுக் கேட்டு, நகரமே அக்காவின் விரல் நுனியில் இருந்தது. அடுக்குமாடிக்காரர்கள் போனில் எதையாவது படித்துவிட்டு, நோயின் பெயரோடு வருவார்கள். ரயில்வே குடியிருப்பிலிருந்து ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் வருவார்கள், அதுவும் யூனிபாரத்தோடு. குன்று மேட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு டாக்டர். பாட்டில் யார்டுக்காரர்கள் மட்டும் எல்லா நாளும், எல்லாவற்றுக்கும் வருவார்கள். இருமலுக்கும் எமர்ஜென்சி, பல்வலிக்கும் எமர்ஜென்சி.

"இவங்களுக்கு எல்லாமே அவசரமா?" என்று புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"அவங்க ஏரியாவுல வேற கதவே இல்ல டாக்டர்" என்றார் அக்கா. "யாருக்கு என்ன நோவுன்னு என் ரிஜிஸ்டர் சொல்லாது. எந்த ஏரியாவுல டாக்டர் இல்லைன்னு பளிச்சுனு சொல்லும்."

அக்காவும் யார்டு பகுதிக்காரர்தான். அவரும் தங்கையும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் அக்கா தும்மினால் அந்தப் பக்கம் தங்கை திட்டுவாள். தங்கைக்கு வேலை யார்டில். காலி பாட்டில்கள் லாரியில் வந்து இறங்கும். நாற்பது பெண்கள் ஒரே வரிசையில் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்து பச்சை, பழுப்பு, வெள்ளை என்று பிரித்துப் போடுவார்கள். யார்டில் அவள் பெயர் மச்சக்காரி.

பெயருக்குக் காரணம், இடது காதுக்குக் கீழே கழுத்தில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளி. எட்டு மாதத்துக்கு முன் மிளகளவு முளைத்தது. அதே வாரம் வரிசையில் முதல் முக்காலி அவளுக்குக் கிடைத்தது. முதல் முக்காலி என்றால் சும்மா இல்லை. கேட்டுக்குப் பக்கம், காற்று வரும், உடையாத பாட்டிலாகக் கைக்கு வரும். பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த சிம்மாசனம். ஆகவே மச்சம் அதிர்ஷ்ட மச்சமாயிற்று. அது இப்போது பட்டாணி அளவாகி, தலை வாரும்போது சீப்பு பட்டால் ரத்தம் கசிந்தது.

"இது மச்சம் இல்லடி. காட்டிடு" என்றார் அக்கா, தினமும், சுவர் வழியாக.

"காட்டுன்னா எங்க காட்டறது? தோல் டாக்டர் ஊருக்கு அந்தக் கோடியில. ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் போயிடும். ஒரு நாள் எழுந்தேன்னா என் இடத்துல அடுத்தவ உக்காந்துடுவா. அப்புறம் கிரேன் வெச்சாலும் அவள எழுப்ப முடியாது."

"இடம் பெருசா, உயிர் பெருசா?"

"இடம் கிடைக்கப் பதினொரு வருஷம் ஆச்சுக்கா."

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. அந்த வருடம் சுகாதார அலுவலகம் ஒரு 'தோல் வண்டி' வாங்கியிருந்தது. உள்ளே டாக்டர், விளக்கு, சின்ன அறுவைக்கான மேஜை எல்லாம் உண்டு. வண்டி ஒன்றே ஒன்று. தோல் புற்றுநோய் அதிகமுள்ள ஒரு பகுதியில் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு வருடம் நிற்கும். எந்தப் பகுதி என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். "அந்த வண்டி எங்க கேட்டுல வந்து நிக்கட்டும், முதல் ஆளா ஏறறேன்" என்றாள் தங்கை. வண்டி வராவிட்டால் ஏறமாட்டாள் என்பது அதன் மறுபக்கம். அக்காவுக்கு அவளைத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு கவுன்ட்டர் போன் அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து புள்ளிவிவர அதிகாரி. ஆஸ்பத்திரிகளில் அவருக்குப் பெயர் புள்ளி சார்.

"அம்மா, உங்க பகுதி முழுக்க உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க. இடம் எங்க இருக்கு?"

"எந்த இடம் சார்?"

"இடம்மா."

"அதான் சார், எந்த இடம்?"

"இடம்ங்கற இடம்!"

அக்கா ரிசீவரை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். "சார், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எங்கிருந்து பேசறீங்க?"

புள்ளி சார் பாவம், அழாத குறையாக விளக்கினார். ஆறாத புண்ணோடு வந்து, டாக்டர் சந்தேகப்பட்டு, தோல் டாக்டரிடம் அனுப்பிய ஆட்களைக் குறித்துவைக்க எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். அதில் தேதி, பெயர், வயது, இடம் என்று நான்கு கட்டம். ஐந்து ஆஸ்பத்திரி நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால், நகரத்திலேயே அதிகம் பேர் வந்திருக்கும் பகுதியின் பெயர் 'இடம்'. நாற்பத்து மூன்று பேர். 'வலம்' என்ற ஊரிலிருந்து நான்கு பேர். 'நடு' என்ற ஊரிலிருந்து இருவர்.

"மேப்புல தேடினேம்மா. 'இடம் விற்பனைக்கு'ன்னு ஒரு ஆபீஸ்தான் காட்டுச்சு. போன் பண்ணினா விடமாட்டேங்கறாங்க. கார்னர் மனை ஒண்ணு இருக்காம், இன்னிக்கே வந்து பாக்கணுமாம்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கவுன்ட்டரில் நின்ற கைமுறிந்தவர் ஒருவர், என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"அதனால தப்பான பதிவுன்னு மொத்தத்தையும் எடுத்துடறேன்" என்றார் புள்ளி சார். "அத எடுத்துட்டா குன்று மேடு முப்பத்தொண்ணு. யார்டு பகுதி ரெண்டே ரெண்டு. வண்டி குன்று மேட்டுக்குப் போகும்."

சிரிப்பு நின்றது. "எடுக்காதீங்க சார். வெள்ளிக்கிழம வரைக்கும் அந்த ஊர் அங்கயே இருக்கட்டும். நான் கண்டுபிடிச்சுக் குடுக்கறேன்."

அந்த நோட்டு இருந்தது கட்டுப்போடும் அறையில். அதை எழுதியவர் கட்டு மாமா. அறுபதை நெருங்குகிறவர், ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு பழக்கியவர். இன்றும் அவருக்கு மனிதர்கள் இரண்டு பக்கங்களால் ஆனவர்கள். "இடங்கைய நீட்டு! வலங்கால மடக்கு!" என்று அவர் போடும் அதட்டலில் பாதி வலி பறந்துவிடும்.

"மாமா, இந்தக் கட்டத்துல இடம்னா என்ன?"

"இது என்ன கேள்வி? புண்ணு இடமா வலமான்னு கேட்டிருக்கான். இடம்னா இடம்னு எழுதினேன். மூக்கு மேல இருந்தா நடு."

"அது எந்த இடத்துலேர்ந்து வர்றாங்கன்னு கேட்டது மாமா!"

கட்டு மாமா நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இரண்டு வருடம் தன்னைப் பார்த்து முறைத்த அந்த ஒற்றைச் சொல்லை முதல்முறையாகச் சந்தேகித்தார். பிறகு நிமிர்ந்து, "அதத்தான் நீ வாசல்லயே எல்லாரையும் கேட்டுடறியே, நான் எதுக்கு மறுபடி கேக்கணும்?" என்றார்.

அக்கா தன் ரிஜிஸ்டரை எடுத்துவர ஓடினார். மாமா சொன்னதில்தான் விடை இருந்தது. எல்லாரையும் வாசலிலேயே கேட்டாகிவிட்டது!

புதன்கிழமை முழுக்க ஒரு பக்கம் அக்காவின் ரிஜிஸ்டர், மறுபக்கம் மாமாவின் நோட்டு. மாமா தேதியும் பெயரும் அணிவகுப்பு மாதிரி உரக்க வாசிக்க, அக்கா தேட, இடையிடையே ஆம்புலன்ஸ் வர, "எங்கிருந்து?" என்று கேட்டு எழுதிக்கொண்டு மறுபடி தேட, மாலை நான்கரைக்கு முடிந்தது. இடம் என்ற ஊரின் நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொன்பது பேர் பாட்டில் யார்டு.

அக்கா உடனே புள்ளி சாரைக் கூப்பிட்டார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சிக்கல் இருக்கும்மா" என்றார். "இவங்க யாரும் தோல் டாக்டர்கிட்ட போகல. வெறும் சந்தேகக் கேஸ். பாட்டில் யார்டுன்னா கண்ணாடி கிழிச்ச புண்ணு, தூசி பட்டு ஆறாம இருக்குன்னு கூட்டத்துல கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்றது?"

நேரில் பார்த்துவிடலாம் என்று அக்கா வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, யார்டுக்குப் போனார்.

அதே பகுதியில் குடியிருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாக அங்கிருந்து வருகிறவர்களை எழுதியிருக்கிறாரே தவிர, யார்டு வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தங்கை பெரிய மனது பண்ணி முதல் முக்காலியை விட்டுக்கொடுத்தாள். "அரை மணி நேரம். பழகிடாத."

இடப்பக்கம் கேட், வலப்பக்கம் உயரமான கிடங்கு. காலையில் கிடங்கின் நிழல் வரிசை முழுவதையும் மூடியிருக்கும். மதியத்துக்கு மேல் நிழல் இல்லை. வெயில் கேட் பக்கத்திலிருந்து சாய்வாக உள்ளே வந்தது. பச்சை பாட்டில், பழுப்பு பாட்டில், க்ளிங், க்ளிங். இருபது நிமிடத்தில் அக்காவின் ஒரு கன்னம் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் காந்தியது. ஒரு கன்னம் மட்டும். கையால் மூடிக்கொண்டார். எந்தக் கை? இடது கை.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்து வரிசைக்கு முன்னால் போய் நின்றார். "எல்லாரும் என்னப் பாருங்கடி!"

நாற்பது முகங்கள் நிமிர்ந்தன. நாற்பதும் இரண்டு நிறம். மூக்கை எல்லையாக வைத்து ஒரு பக்கம் ஒரு நிறம், இன்னொரு பக்கம் இரண்டு படி கறுப்பு.

"அய்யய்யோ, உங்க எல்லாருக்கும் இடப்பக்கம் வெந்து போச்சு!"

"இப்பத்தான் தெரியுதா?" என்றாள் மூன்றாவது முக்காலி. "கல்யாண வீட்டுல போட்டோ எடுத்தா யார்டுக்காரிங்க எல்லாம் வலப்பக்கந்தான் காட்டுவோம். போன வருஷம் குரூப் போட்டோவுல போட்டோகிராபரே குழம்பிட்டான், எல்லாரும் கதவப் பாத்துட்டு நிக்கறீங்களேன்னு!"

"என் வீட்டுக்காரரு வலப்பக்கந்தான் படுப்பாரு" என்றது ஒரு குரல், வரிசையின் கடைசியிலிருந்து. அந்தச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு பச்சை பாட்டில் உடைந்தது. மேற்பார்வைக்காரர் ஓடிவந்து, என்ன என்று கேட்டு, பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லாததால் திரும்பிப் போனார்.

அக்கா போனை எடுத்து இரண்டு படம் எடுத்தார். வரிசை முழுக்க இடப்பக்கம் திரும்பி ஒன்று. வலப்பக்கம் திரும்பி ஒன்று. எடுக்கும்போதுதான், முதல் முக்காலிக்குத் திரும்பிவந்த தங்கையின் கழுத்தைப் பார்த்தார். வெயில் முதலில் வந்து விழுவது அந்த முக்காலியில். காத்திருந்து வாங்கிய சிம்மாசனம்!

வெள்ளிக்கிழமை பத்து மணிக் கூட்டத்துக்கு அக்காவும் கட்டு மாமாவும் அழைப்பில்லாமல் போனார்கள். வாசலில் இருந்த காவலாளி, "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அசந்துபோய், "இடத்துலேர்ந்து" என்றார். காவலாளி அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

தலைமை அதிகாரியம்மா மேஜையின் தலைப்பக்கம் இருந்தார். புள்ளி சார் வண்ண வட்டங்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்றை அவர் அழிக்கவில்லை. ஓரமாகக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். அக்கா ரிஜிஸ்டரையும் நோட்டையும் மேஜை மேல் வைத்து, பெயர் பெயராகப் பொருத்திக் காட்டினார்.

அதிகாரியம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, புள்ளி சார் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். "பாட்டில் வேலை. இது கண்ணாடி கிழிச்ச புண்ணா இருக்கலாமே?"

"கண்ணாடி கைலதானேம்மா கிழிக்கும்" என்றார் அக்கா. "ரெண்டு கைலயும் கிழிக்கும். கன்னத்துல ஏன் வருது? அதுவும் ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம்னு எப்படிச் சொல்றீங்க?"

கட்டு மாமா இதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்தவர்போல் ஓரடி முன்னால் வந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்தன.

"எல்லாரும் எழுந்திரிங்க!"

ஏன் எழுந்தோம் என்று பிற்பாடு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதிகாரியம்மா உட்பட எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"இடம் பாத்து... திரும்பு!"

கூட்டத்துக்கு வந்திருந்த ஐந்து ஆஸ்பத்திரித் தலைவர்களில் நால்வர் படக்கென்று இடப்பக்கம் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்தவரோடு மூக்கும் மூக்கும் மோதிக்கொண்டார்.

"இதாம்மா இடம்" என்றார் மாமா. "நான் எழுதினது ஊர இல்ல, பக்கத்த. நாப்பத்து மூணு ஆறாத புண்ணு, நாப்பத்து மூணும் இந்தப் பக்கம். வலப்பக்கம் வெறும் நாலு."

அக்கா போனில் அந்த இரண்டு படங்களையும் காட்டினார். கம்ப்யூட்டர் குப்பை என்று ஒதுக்கிய ஒரு சொல்தான் இப்போது சாட்சி. புள்ளி சார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தார். "இடத்தோட இடம் யார்டு! யார்டோட இடம் இடம்! அம்மா, நான் கார்னர் மனைக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சொன்னீங்களே!"

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். குன்று மேட்டில் முப்பத்தொருவருக்குக் கண்டுபிடித்தது அங்கே டாக்டர் இருப்பதால். யார்டில் நாற்பத்தோரு பேர் வெறும் சந்தேகத்தோடு நின்றது அங்கே டாக்டர் இல்லாததால். வண்டி யார்டு கேட்டுக்கு.

அடுத்த வியாழன் வண்டி வந்தது. தங்கை சொன்னபடி முதல் ஆளாக ஏறினாள். ஏறுவதற்கு முன் தன் முக்காலியின் மேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அக்கா கவுன்ட்டரை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்து உடன் நின்றார். டாக்டரம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே பாட்டில் சத்தம் நின்றுவிட்டது.

"இத இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

ஐந்து தையல். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் ஆழம் போகவில்லை. ஓரமெல்லாம் சுத்தமாக வெட்டியாகிவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் ஏறிக் காட்டினால் போதும். அக்கா அந்தக் காகிதத்தைக் கவுன்ட்டரிலேயே வைத்து மூன்று முறை படித்தார். பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற, யாரென்றே தெரியாத, பல்வலிக்காரப் பெண்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்மணி வீங்கிய கன்னத்தோடு, "எனக்கும் சந்தோஷந்தான்மா" என்றார்.

யார்டில் கேட் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். அதனால் இப்போது முதல் முக்காலியில் காற்றும் உண்டு, நிழலும் உண்டு. அதன் மதிப்பு இருமடங்காகிவிட்டது. செருப்பு வைத்த இடத்தை யாரும் தொடவில்லை. பட்டப்பெயர்தான் போயிற்று. "மச்சம் போயாச்சு, இனி நீ வெறும் காரிதான்" என்றாள் மூன்றாவது முக்காலி. காரி என்றே நிலைத்துவிட்டது. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

புள்ளி சார் நோட்டையும் திருத்திவிட்டார். குழப்பமே வரக்கூடாது என்று 'இடம்' என்ற சொல்லை அடியோடு எடுத்துவிட்டு, இரண்டு புதுக் கட்டம் போட்டார். ஒன்று 'ஊர்'. இன்னொன்று 'பக்கம்'.

மாதக் கடைசியில் கவுன்ட்டர் போன் அடித்தது.

"அம்மா, உங்க கட்டு மாமா பக்கம்னு கேட்ட எடத்துல 7, 7, 7, 8, 8னு எழுதியிருக்காரு. மனுஷனுக்கு எத்தன பக்கம்மா இருக்கு?"

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "மாமா! பக்கம்னா என்ன எழுதறீங்க?"

கட்டுப்போடும் அறையிலிருந்து கணீரென்று பதில் வந்தது.

"நோட்டுல எத்தனாவது பக்கம்னு கேட்டிருக்கான். பாத்துத்தானே எழுதறேன்!"